வாசலுக்கு வரும் குப்பை வண்டி
(காரைக்குடியில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குப்பையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. சிரிக்கட்டும். கூலி, நிலம், ரேஷன் என்று பேச எவ்வளவோ இருக்க, இதென்ன பேச்சு என்று தோன்றுவது சகஜம்தான். ஆனால் நீங்கள் மில்லுக்கும் வயலுக்கும் புறப்படுகிற வேளையில் விசில் ஊதிக்கொண்டு வண்டியோடு தெருவில் வருகிறாரே, அவரும் உங்களைப் போல் ஒரு தொழிலாளிதான். அவர் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம், அது எங்கே போகிறது, அதில் யாருக்கு லாபம்? இதுதான் இன்றைய விஷயம்.

நம் சீமையில் குப்பை என்றாலே எரு என்றுதான் அர்த்தம். அரிசி கழுவிய நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்கு; காய்கறித் தோல் மாட்டுக்கு; சாணம், சாம்பல், இலைதழை எல்லாம் குப்பைக் குழிக்கு. கோடையில் வண்டி கட்டி வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நம்முடையது வானம் பார்த்த செம்மண் பூமி. எரு விழாவிட்டால் பயிர் தலைதூக்காது என்பதை விவசாயத் தொழிலாளிக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற வெள்ளைக்காரரும் யஷ்வந்த் வாட் என்ற நம் நாட்டவரும் குப்பையை உரமாக்கும் முறையை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்த ஹோவர்டே விவசாயிகளைத் தம் ஆசிரியர்கள் என்று சொன்னவர். பாடம் சொல்லிக் கொடுத்தது நம் ஆட்கள். பெயர் கிடைத்தது சீமைத் துரைக்கு. அது போகட்டும்.

இன்று நிலைமை என்ன? மிஞ்சிய சோறும் மீன் முள்ளும், பால் பாக்கெட்டும் உடைந்த பல்பும் ஒரே பையில் கட்டி வாசலில் வைக்கப்படுகின்றன. அந்தப் பையைத் திறந்து பிரிப்பது யார்? அந்தத் தொழிலாளிதான், பெரும்பாலும் ஒரு பெண். பிளேடு கிழிப்பது அவர் விரலை. ஊசி குத்துவது அவர் உள்ளங்கையை. பிரிக்க முடியாமல் போனது மொத்தமாகக் கிடங்கில் குவிகிறது. காற்றுப் புகாமல் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பும். கோடையில் தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகையும். மழை பெய்தால் அதன் சாறு நிலத்தில் இறங்கும். ஊருணித் தண்ணீரை உயிராய்க் காத்த சீமையில் வரத்துக்கால்களில் பிளாஸ்டிக் அடைத்துக் கிடப்பதை நீங்களே பார்க்கிறீர்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. அதை நமக்கு ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். அதே விதிகள், குப்பை அள்ளும் தொழிலாளிக்குக் கையுறை, காலணி, மழைக்கோட்டு, முகக்கவசம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொல்லின. இதை எந்த ஒலிபெருக்கி சொல்லிற்று?

தோட்டி என்று இழிவாக அழைத்தார்கள். பிறகு துப்புரவுப் பணியாளர் என்றார்கள். 2020-ல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். நல்ல பெயர்தான். ஆனால் வேலை மட்டும் ஒடுக்கப்பட்ட சாதியார் தலையிலேயே இருக்கிறது. நிரந்தர வேலை போய்க் காண்டிராக்ட் வந்திருக்கிறது. சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டு 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்தார்கள். 13-ந் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். கொரோனா காலத்தில் கால் கழுவி மாலை போட்ட கதையெல்லாம் அதற்குள் பழசாகிவிட்டது.

கடல் கடந்தும் இதே கதைதான். 1968 பிப்ரவரி 1-ந் தேதி அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில், மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு நீக்ரோ தொழிலாளர்களை அதன் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "நான் ஒரு மனிதன்" என்று அட்டை எழுதிப் பிடித்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-ந் தேதி அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதமே நகரசபை சங்கத்தை அங்கீகரித்தது, கூலியும் உயர்ந்தது.

இனி லாபக் கணக்குக்கு வருவோம். நம் முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பழைய கதவும் பீங்கானும் என்ன விலைக்குப் போகின்றன! கழித்ததற்கும் விலை உண்டு என்று காரைக்குடிக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அட்டைக்கும் பாட்டிலுக்கும் தகரத்துக்கும் விலை உண்டு. ஆனால் மீன் குழம்பு படிந்த அட்டையை எடைக்கடைக்காரர் தொடமாட்டார். பூனாவில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-ல் சங்கம் கண்டார்கள். 2008-ல் தங்கள் சொந்தக் கூட்டுறவின் மூலம் வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலையையே நகரசபையிடமிருந்து பெற்றார்கள். காய்ந்த சரக்கை விற்ற காசு அவர்களுக்கே. கேரளத்தில் விளப்பில்சாலை கிராம மக்கள் திருவனந்தபுரத்துக் குப்பை எங்களுக்கு வேண்டாம் என்று போராடி 2011 டிசம்பரில் ஆலையை மூட வைத்தார்கள். நகரத்தின் அழுக்கைக் கிராமத்தின் தலையில் கொட்டுவது இங்கும் நடப்பதுதானே?

ஆகவே நாம் செய்ய வேண்டியது கொஞ்சம். கேட்க வேண்டியது அதிகம். ஈரக் குப்பைக்கு ஒரு வாளி, காய்ந்ததற்கு ஒரு சாக்கு. கண்ணாடி, பிளேடு, அணையாடை, பஞ்சு இவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். இது ஒரு நிமிஷ வேலை. ஒரு தொழிலாளியின் விரல் பிழைக்கும். வீட்டைச் சுற்றி இடம் இருப்பவர்கள் ஈரக் குப்பையைக் குழியிலேயே போடலாம். சாணக் கரைசல் தெளித்துக் கிளறிவிட்டால் இரண்டு மாதத்தில் எருவாகும்.

1928-ல் நகராட்சியான காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அந்த மாநகராட்சியிடம் நாம் கேட்கிறோம்: பிரித்துக் கொடுத்த குப்பையை ஒரே வண்டியில் கலந்து ஏற்றாதே. கையுறையும் காலணியும் கொடு. காண்டிராக்டை ஒழித்து வேலையை நிரந்தரமாக்கு. காய்ந்த சரக்கு விற்ற காசைத் தொழிலாளர்களுக்குக் கொடு. உரத்தைச் சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடு.

வார்டு சபை கூடும்போது இந்த ஐந்தையும் எழுதி, கையெழுத்து வாங்கி எடுத்துவாருங்கள். வரும்போது உங்கள் தெருவில் வண்டி தள்ளும் அம்மாவையும் அழைத்துவந்து முதலில் பேசச் சொல்லுங்கள்.