வேலை காலி என்ற செய்தி யாருக்குச் சொந்தம்?

அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவு, புதுச்சேரி



இந்த மேடையில் வழக்கமாகக் கவிதை, நாவல், தன்வரலாறு பற்றிப் பேசுவார்கள். நான் வேலைவாய்ப்பகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலக்கியக் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்முடைய வாழ்க்கைக் கதைகளைக் கூர்ந்து பாருங்கள். பள்ளிக்கூடம் போனோம், பரீட்சை தேறினோம், பிறகு ஒரு கடிதம் வந்தது, குடும்பம் நிமிர்ந்தது என்றுதான் பல கதைகள் நகரும். அந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது, இப்போது ஏன் வருவதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

நிலம் நம்மிடம் இல்லை என்று பேசியிருக்கிறோம். குளமும் கோயிலும் நமக்கு மறுக்கப்பட்டதைப் பேசியிருக்கிறோம். இன்னொரு சொத்தும் நமக்கு மறுக்கப்பட்டது. ஓர் இடத்தில் வேலை காலியாக இருக்கிறது என்ற செய்திதான் அது. அந்தச் செய்தி ஊருக்குள்ளேயே சுற்றும். மாமன் சொல்லி மச்சான் சேருவான், சித்தப்பா சொல்லி அண்ணன் மகன் சேருவான். சேரிக்கு அது வந்து சேரும்போது இடம் நிரம்பியிருக்கும்.

நம் ஊரின் பழைய பதிவேடுகளைப் பார்த்தால் இது விளங்கும். 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியத் தொழிலாளர்களோடு 1853 மே மாதம் மார்த்தினிக்கில் போய் நின்றது. ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்தவர் மேஸ்திரி. ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி. வேலை இருக்கிறது என்ற செய்தி அப்போது மட்டும் சேரி வாசலுக்கே வந்தது. ஏனென்றால் அது பலர் திரும்பி வராத வேலை.

அடுத்தது 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணை. பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்று, புதிதாக ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதியவர்களில் நம்மவர்கள் பலர். அப்படித் துறந்தவர்களின் குடும்பங்களிலிருந்து ராணுவத்துக்குப் போனார்கள், சைகோனில் அரசு வேலைக்குப் போனார்கள். 'சொல்தா' வீடு என்று இன்றும் நம் தெருக்களில் சொல்கிறோமே, அந்த வீடுகளின் கதை அங்கே தொடங்குகிறது. அப்பன் பாட்டன் பெயரை விட்டால்தான் வேலையின் கதவு திறக்கும் என்ற நிலையையும் அந்தக் கதையோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆலைகள் வந்தன. பம்பாய் ஆலைகளில் நடந்ததை அண்ணல் 1928 வேலைநிறுத்தத்தின்போது வெளிப்படையாகக் கேட்டார். அறுந்த நூலை நாடாவில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும் என்பதற்காகத் தீண்டப்படாதவர்களை நெசவுப் பிரிவிலேயே சேர்க்கவில்லை. கூலி அதிகமுள்ள பிரிவு அதுதான். ஆள் எடுக்கும் அதிகாரம் மேஸ்திரி போன்ற இடையாள் கையில் இருந்தது. அந்த முறையையும் அதிலிருந்த லஞ்சத்தையும் பிரிட்டிஷ் இந்தியாவின் விட்லி ஆணையமே 1931இல் கண்டித்தது. நம் ஊரில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30ஆம் தேதி 12 உயிர்களைக் கொடுத்து உரிமை கேட்டார்கள். 8 மணி நேர வேலை அந்தப் போராட்டத்தில் கிடைத்தது. ஆலைக்குள் யாரை எடுப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

அந்தக் கேள்விக்கு அரசு தந்த விடைகளில் ஒன்றுதான் வேலைவாய்ப்பகம். பிரிட்டனில் 1910 பிப்ரவரியில் இந்த அலுவலகங்கள் திறந்தன. இந்தியாவில் 1945 ஜூலையில், போர் முடிந்து திரும்பும் சிப்பாய்களுக்காக இந்தச் சேவை அமைந்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் வேலை தேடுகிற எல்லோருக்கும் கதவு திறந்தது. அதே ஆண்டு, இலவச அரசு வேலைவாய்ப்புச் சேவை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 88ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை 1959இல் ஏற்றது. 1956 நவம்பர் 1 முதல் அலுவலகங்களின் நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது.

அந்த அலுவலகம் என்ன செய்தது? உங்கள் சான்றிதழைப் பார்த்தது, பெயரை எழுதியது, பதிவு எண்ணும் தேதியும் போட்டு ஓர் அட்டை தந்தது. எங்காவது இடம் காலியானால் தகுதியும் பதிவு மூப்பும் பார்த்துப் பட்டியல் அனுப்பியது. இடஒதுக்கீட்டு இடமென்றால் அதற்குரிய பட்டியல் போனது. 'எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சாச்சா?' என்பது பரீட்சை முடிவு வந்த வீட்டில் முதல் கேள்வியாக இருந்தது. உன் அப்பன் யார், யார் சொல்லி வந்தாய் என்று அந்த அட்டை கேட்கவில்லை. தேதி மட்டுமே பேசியது. முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளைக்கு, சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைக்கு, அந்தத் தேதிதான் மாமன், அதுதான் மச்சான்.

குறைகள் இருந்தன. வரிசை நீளம். கடிதம் வருவதற்குள் வயது வரம்பு கடந்தவர்கள் உண்டு. ஆனாலும் வரிசை என்று ஒன்று இருந்தது, அதில் நம் இடம் எது என்று தெரிந்தது.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1959ஆம் ஆண்டின் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம், அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் விவரமும் தர வேண்டியிருந்தது. எந்தத் தொழிலில் ஆள் தேவை, எதற்குப் பயிற்சி தர வேண்டும் என்று அரசு திட்டமிட அந்த விவரம்தான் அடிப்படையாக இருந்தது. நல்ல சட்டம். ஆனால் இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை: அறிவித்தால் போதும், அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை என்று சட்டமே சொன்னது. அறிவிக்காமல் விட்டாலும் முதல் முறை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாயாகவே இருந்தது.

இரண்டாவது ஓட்டையைக் கவனமாகக் கேளுங்கள். சட்டத்தின் 3ஆம் பிரிவு சில வேலைகளுக்கு விலக்கு அளித்தது. தனியார் துறையில் எந்திரம் இயக்குவது தவிர்த்த விவசாய வேலை. வீட்டு வேலை. 3 மாதத்துக்குக் குறைவான வேலை. அடுத்து, திறன் தேவைப்படாத அலுவலக வேலை. அது என்ன என்று சட்டமே பட்டியல் தந்தது: பியூன், தூசி துடைப்பவர், கட்டுத் தூக்குபவர், காவலாளி, துப்புரவாளர். தோழர்களே, இந்தப் பட்டியலில் யாருடைய முகம் தெரிகிறது? நம் மக்கள் அதிகம் செய்த வேலைகளுக்குப் பொது அறிவிப்பு தேவையில்லை என்று ஆகிவிட்டது. கூட்டுகிற வேலைக்கு ஆள் எங்கே கிடைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு ஏன் அறிவிப்பு என்ற எண்ணத்தை, ஒரு வார்த்தைகூடச் சாதி பேசாமல், சட்டம் அப்படியே இருக்க விட்டது.

1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகப் பட்டியலோடு நிற்காமல் நாளிதழிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதில் நியாயம் உண்டு, பதியாதவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதன் பிறகு அட்டையின் மதிப்பு இறங்கியது. அரசு வேலையே ஒப்பந்தக்காரர் கைக்குப் போகத் தொடங்கியதும் அட்டை இன்னும் கீழே போனது. இன்று ஓர் அலுவலகத்தில் துப்புரவுக்கும் காவலுக்கும் யார் ஆள் எடுக்கிறார்? ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர். மேஸ்திரி சட்டை மாற்றிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறார்.

தனியார் துறையில் திறமை இருந்தால் போதும் என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெலும் இதைச் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். மொத்தம் 4808 விண்ணப்பங்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, இஸ்லாமியப் பெயருக்கு 0.33. நேர்காணலுக்கு முன்பே, முகம் பார்க்கும் முன்பே, பெயரிலேயே கதவு மூடுகிறது. 1881இல் பெயரை மாற்றியவர்களை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

2015இல் மத்திய அரசு இணையதளம் தொடங்கியது. 2020இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வேலைவாய்ப்பகத்தை 'தொழில் வழிகாட்டி மையம்' என்கிற பொருளில் பேசுகிறது. பெயர் எதுவானாலும் சரி. நம் ஊரில் ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடியாகிவிட்டது. மேட்டுப்பாளையத்திலும் தட்டாஞ்சாவடியிலும் சேதராப்பட்டிலும் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அங்கே இன்று எந்த இடம் காலி என்று பக்கத்துக் காலனியில் இருக்கும் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைக்குத் தெரியுமா? இதுதான் என் அளவுகோல்.

எனவே நான்கு கோரிக்கைகள். ஒன்று, அரசு அலுவலகம், மருத்துவமனை, நகராட்சி எதுவாயினும் ஒப்பந்த வேலை உட்பட ஒவ்வொரு காலியிடமும் கூலி விவரத்தோடு பொதுவில் அறிவிக்கப்பட வேண்டும். இரண்டு, துப்புரவும் காவலும் வீட்டு வேலையும் அந்த அறிவிப்புக்குள் வர வேண்டும். மூன்று, இடம் நிரம்பிய பிறகு எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்ற கணக்கு வெளிவர வேண்டும். நான்கு, அலுவலகம் பேட்டைக்கு வர வேண்டும். விண்ணப்பம் எழுதவும் பயிற்சியில் சேரவும் சான்றிதழ் வாங்கவும் உதவுகிற மேசை ஒன்று அம்பேத்கர் படிப்பகத்தில் மாதம் ஒருநாள் போடப்படட்டும். முதலாளிகளுக்கும் இதில் நட்டமில்லை. பத்து உறவுக்காரர்களுக்குள் தேடுவதைவிட ஆயிரம் பேருக்குள் தேடினால் நல்ல ஆள் கிடைப்பார்.

எழுதுகிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். கப்பல் பதிவேட்டில் ஏறிய பெயர்களுக்குக் கதை உண்டு. பெயர் துறந்தவர்களுக்கும் உண்டு. மஞ்சளேறிப் பெட்டியில் கிடக்கும் அந்த அட்டைகளுக்கும் உண்டு. எத்தனை முறை புதுப்பித்தார்கள், எந்த வயதில் நம்பிக்கையை விட்டார்கள், கடிதம் வந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். அட்டை வைத்திருந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.