நடுவு நிலையின் விலை



படையும் குடியும் அரணும் அரசின் உறுப்புகள் என்பது தமிழ் அரசியல் மரபு. இவற்றுள் ஒன்றும் இல்லாமல், உலக நாடுகளை ஓரவையில் இணங்க வைக்கும் ஒரு தலைமைப் பதவியை 20ஆம் நூற்றாண்டு படைத்தது. அதுவே ஐக்கிய நாடுகளின் பொதுச் செயலாளர் பதவி. அப்பதவியை 1953இல் ஏற்ற இரண்டாமவர், சுவீடன் நாட்டு டாக் ஹாமர்ஷோல்ட். நோபல் இலக்கியப் பரிசுக்குரியோரைத் தேரும் சுவீடியக் கழகத்தில், தம் தந்தையார் வகித்த இருக்கைக்கு 1954இல் தெரிவு செய்யப்பெற்றவர். பிரெஞ்சுக் கவிஞர் சேன்-ஜான் பெர்சின் படைப்பைத் தம் மொழியில் பெயர்த்தவர். சொல்லின் எடையறிந்த அவருக்குச் சொல்லே படைக்கலமாயிற்று.

சீனாவில் சிறைப்பட்ட 11 அமெரிக்க விமானப் படையினரின் விடுதலை அவர் சந்தித்த முதற் பெருஞ்சோதனை. மக்கள் சீனத்திற்கு அப்போது ஐ.நா.வில் இடமில்லை, பொதுப்பேரவையோ அதனைக் கண்டித்திருந்தது. கண்டித்த அவையின் தூதராகச் சென்றால் கதவு திறவாது என்றுணர்ந்த அவர், ஐ.நா. சாசனம் தம் பதவிக்கு அளித்த பொறுப்பின் பேரில் 1955 சனவரியில் பீகிங் சென்று சூ என்லாயுடன் உரையாடினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர்கள் விடுதலை பெற்றனர்.

1956இல் சூயசுப் போர் மூண்டது. பிரிட்டனும் பிரான்சும் தம் மறுப்பதிகாரத்தால் பாதுகாப்பு அவையை முடக்கவே, வழக்கு பொதுப்பேரவைக்கு வந்தது. கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்மொழிந்தபடி, அமைதிப்படைக்கு 48 மணி நேரத்தில் திட்டம் வகுக்குமாறு பேரவை பணித்தது. நவம்பர் 15இல் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கினர். இந்தியாவும் படை அனுப்பியது. நீலத் தலைக்கவசம் அன்று பிறந்ததே. ஆயினும் ஓருண்மையை மறைத்தலாகாது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அப்போரை ஒருங்கே எதிர்த்தமையால்தான் அது கைகூடிற்று. படையும் இரவலே, 1967இல் எகிப்து விலகச் சொன்னபோது அது விலகியது. அடுத்து மீண்டும் போர்.

காங்கோவில் நடுவு நிலையே வழக்கிற்கு உள்ளாயிற்று. 1960 சூன் 30இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா ஐ.நா.வின் உதவியை நாடினார். வீரர்கள் சென்றனர். ஆனால் உள்நாட்டுப் பூசலில் தலையிடோம் என்ற நெறி அவர்களைக் கட்டியது. லுமும்பாவின் இல்லத்தைக் காத்து நின்றோர், அவர் வெளியேறிப் பிடிபட்டபோது தடுக்கவில்லை. 1961 சனவரி 17இல் அவர் கொல்லப்பட்டார். துலாக்கோல் அசையாமல் நின்றது. தட்டில் இருந்த உயிர் போயிற்று. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய நடுவு நிலைமை, கண்முன் நிகழும் கொடுமைக்கு ஒதுங்கி நிற்பதாகுமா? இவ்வினாவினின்று ஹாமர்ஷோல்டை முற்றும் விடுவித்தல் இயலாது. உள்நாட்டுப் போரைத் தடுக்க, வேறு வழியின்றேல் வலிமையையும் பயன்படுத்தலாம் எனப் பாதுகாப்பு அவை ஒப்பியது அடுத்த மாதமே. காலம் தாழ்ந்த பாடம் அது.

அதற்கு முன்பே, 1960 அக்டோபரில், அவர் பதவி விலக வேண்டுமெனக் குருசேவ் பேரவையில் முழங்கினார். ஐ.நா.வின் காப்பு வல்லரசுகளுக்குத் தேவையில்லை, ஏனைய நாடுகளுக்கே தேவை. அவை விரும்பும்வரை விலகேன் என்ற கருத்துப்பட ஹாமர்ஷோல்ட் விடையிறுத்தார். புதிதாய் விடுதலை பெற்ற நாடுகள் நிறைந்த அவை நெடிது கைதட்டியது. மறு ஆண்டு செப்டம்பரில், காங்கோவின் கட்டாங்காப் போரை நிறுத்தப் பேசச் சென்ற வழியில், இண்டோலா அருகே அவர் சென்ற விமானம் வீழ்ந்தது. அமைதிக்கான நோபல் பரிசு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பெற்றது.

2022இல் உக்ரைன் குறித்து உருசியாவும், 2023இல் காசா குறித்து அமெரிக்காவும் மறுப்பதிகாரத்தைக் கையாண்டன. 1956இல் போலவே பேரவை அவசரமாய்க் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது, போர் நிற்கவில்லை. அதனால் அவையே வீணென்பார் உளர். வலியவனுக்கு அவை இன்றியும் வழியுண்டு. எளியவன் தன் வழக்கை உரைக்க வேறு வாயில் ஏது? அவ்வாயிலைத் திறந்து வைப்பதும், அங்கு வந்து நிற்பவனின் உயிர் போகுமுன் எழுந்து செல்வதும் தலைமையின் கடன். முன்னதை ஹாமர்ஷோல்டின் வாழ்வு கற்பித்தது. பின்னதை லுமும்பாவின் சாவு கற்பித்தது.