ஏ.எம்.எல்.: மூன்று எழுத்துகளின் பொருள்

(அறக்கட்டளை விழாவையொட்டித் தென்னேரியில் நிகழ்த்தப்பட்ட உரை)



சொல்லைச் சுருக்கி எழுதுவது தமிழர்க்குப் புதிதன்று. பழைய கடிதங்களிலும் பத்திரங்களிலும் நாளுக்கு ௳ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், ஆண்டுக்கு ௵ என்றும் நம் முன்னோர் எழுதினர். படிக்கத் தெரிந்தமையால் அவற்றைக் கண்டு எவரும் அஞ்சவில்லை. இன்று பரிசோதனைத் தாளில் ‘ஏ.எம்.எல்.’ என்னும் மூன்று எழுத்துகள் வந்துவிட்டால் வீடே நிலைகுலைகிறது. சிலர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடங்கிவிடுகின்றனர். வேறு சிலர் வெறும் சோகை என எண்ணி, டானிக் வாங்கிக் கொடுத்து நாள் கடத்துகின்றனர்.

கடைசி எழுத்தாகிய ‘எல்’ லூக்கேமியாவைக் குறிக்கும். 1847இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ இட்ட பெயர் அது. கிரேக்கத்தில் வெண்குருதி என்று பொருள்படும். ‘எம்’ என்பது மைலாய்டு. எலும்பு மஜ்ஜையின் ஒருவகை அணுக்களைச் சார்ந்தது. ‘ஏ’ என்பது அக்யூட், விரைந்து முற்றுவது. இந்த ‘ஏ’ நின்ற இடத்தில் ‘சி’ நின்று சி.எம்.எல். ஆனால், நோய் மெல்ல நடப்பது. நாள்தோறும் மாத்திரை உண்டு பல்லாண்டு வாழ்வோர் பலர். ‘எம்’ இருக்குமிடத்தில் ‘எல்’ வந்து ஏ.எல்.எல். ஆனால், அது குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுவது. அதற்கு மருத்துவமுறையும் வேறு. ஆகவே மருத்துவர் சொன்ன எழுத்துகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ‘இரத்தப் புற்றுநோயாம்’ என்று மட்டும் உறவினரிடம் சொல்லி அறிவுரை கேட்பது வீண்.

உடலுக்குள் நிகழ்வதை அறிய வேறெங்கும் செல்ல வேண்டா. இவ்வூர் ஏரியே போதும். திரையனேரி என்பதே தென்னேரி என மருவியது என்பர். அத்தகைய பேரேரியாயினும், ஆகாயத்தாமரை படர்ந்து மதகை அடைத்துவிட்டால் கழனிக்கு நீர் பாயாது. எலும்பு மஜ்ஜையே குருதிக்கு ஏரி. அங்கே ‘பிளாஸ்ட்’ எனப்படும் முதிராத அணுக்கள் களைபோல் பெருகுகின்றன. பொதுவாக அவை நூற்றுக்கு 20 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஏ.எம்.எல். என்று முடிவு செய்வர். நல்ல அணுக்கள் உருவாக இடமிராது. எச்.பி. குறைவதால் களைப்பும் மூச்சிரைப்பும் வருகின்றன. பிளேட்லெட் குறைவதால் ஈறில் குருதி கசிகிறது. தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. டபிள்யூ.பி.சி. எண் மிகுந்தும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். மிகுந்திருந்தாலும் அவை காவல் செய்யாத வெள்ளணுக்கள். இவையெல்லாம் சில வாரங்களுக்குள் நேர்ந்துவிடும்.

இனி, உயிரையே தீர்மானிக்கும் ஓர் எழுத்து: ‘பி’. ஏ.எம்.எல். வகைகளுள் ஒன்று ஏ.பி.எம்.எல்.; சில மருத்துவர் ஏ.பி.எல். என்றும் எழுதுவர். முதல் சில நாள்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ குருதி கசிந்து உயிரைப் பறிக்கக்கூடியது. ஆயினும் அந்நாள்களைக் கடந்துவிட்டால் மற்றெல்லா வகைகளைக் காட்டிலும் நன்கு குணமாவதும் இதுவே. அதனால்தான் ஐயம் எழுந்தவுடனேயே, உறுதிசெய்யும் முடிவுக்குக் காத்திராமல், வைட்டமின் ஏ வழிவந்த ‘ஆட்ரா’ என்னும் மாத்திரையைத் தொடங்குகின்றனர்.

இதற்கு மற்றொரு மருந்து பாடாணம். ஆம், சித்த நூல்கள் 64 வகையாக எண்ணும் பாடாணங்களின் இனத்தைச் சேர்ந்த ஆர்சனிக்கே! 1970களில் சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள் இதனை ஊசிமருந்தாக்கினர். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வழக்கமான மருத்துவத்தின் செலவை ஏழை நோயாளர் தாங்க இயலாமை கண்டு, ஆர்சனிக்கை மட்டுமே கொண்டு மருத்துவம் செய்தனர். 1998 முதல் 2004 வரை அவ்வாறு மருத்துவம் பெற்ற 72 பேரில் 62 பேருக்கு நோய் அடங்கியது. ஐந்தாண்டு கடந்தும் உயிர்வாழ்வோர் ஏறத்தாழ நூற்றுக்கு 74 என 2010இல் அவர்கள் வெளியிட்ட முடிவை உலகம் வியந்து நோக்கியது. இதைக் கேட்டு எவரும் பாடாண செந்தூரம் தேடிப் புறப்பட்டுவிட வேண்டா. இதயத் துடிப்பையும் உப்புச்சத்தையும் அளந்து அளந்து கொடுக்கும் மருந்து அது. அளவு தவறினால் நஞ்சுதான்.

மற்ற வகைகளுக்கு ‘7+3’ என்னும் மருத்துவம் வழக்கில் உள்ளது. ஒரு மருந்து ஏழு நாள், மற்றொன்று மூன்று நாள். அப்போது கவனிக்க வேண்டிய சுருக்கம் ஏ.என்.சி., அதாவது நோயெதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. அது 500க்குக் கீழிறங்கிய வேளையில் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால், நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விடியட்டும் என்று இருத்தல் கூடாது. நலம் விசாரிக்கக் கூட்டமாகச் செல்லும் நம் வழக்கத்தையும் அந்நாள்களில் விட்டுவிடலாம். நோன்பு, இரவுண்ணாமை முதலிய நியமங்களை மேற்கொள்வோர் அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். மருந்து வேளைகளை அவர் அதற்கேற்ப வகுக்க இயலும்.

‘சி.ஆர்.’ என்று எழுதிவிட்டால் நோய் அடங்கியது என்று பொருள். அகன்றது என்று பொருளன்று. மஜ்ஜையில் பிளாஸ்ட் நூற்றுக்கு 5க்குக் கீழ் வந்த நிலை அது. கண்ணுக்குப் புலப்படாமல் எஞ்சியதை ‘எம்.ஆர்.டி.’ சோதனை காட்டும். சி.ஆர். கண்டதும் மகிழ்ந்து மருத்துவத்தை நிறுத்தி, நோய் மீண்டபின் ஓடிவரும் குடும்பங்கள் உண்டு.

மீளும் வாய்ப்பு மிகுந்தோர்க்கு ‘பி.எம்.டி.’, அதாவது மஜ்ஜை மாற்று. இந்தியாவில் இது முதன்முதலில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், ஏ.எம்.எல். நோயுற்ற ஒரு சிறுமிக்குச் செய்யப்பட்டது. இதற்குக் கொடுப்பவர், பெறுபவர் இருவரின் ‘எச்.எல்.ஏ.’ பொருந்த வேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இன்றைய குடும்பங்களில் உடன்பிறப்பே ஒன்றோ, இல்லையோ! வெளியில் தேடும்போது ஒரே மரபுவழியினரிடம் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. தமிழ்ச் சமணர் போன்ற சிறிய சமூகத்தார் பதிவேட்டில் இல்லாவிட்டால் நம் குழந்தைக்கு யாரிடம் தேடுவது? சென்னையில் 2009இல் தொடங்கப்பெற்ற ‘தாத்ரி’ அத்தகைய பதிவேடுகளுள் ஒன்று. பதிவு செய்ய வரும் இளைஞரிடம் எடுப்பது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் ஒற்றிய எச்சில் மட்டுமே. பொருத்தம் அமைந்து அழைப்பு வந்தாலும், பெரும்பாலும் பிளேட்லெட் தானத்தைப் போலவே கைநரம்பு வழியே குருதியை எடுத்து, மூல அணுக்களைப் பிரித்துக்கொண்டு, எஞ்சியதை உடலுக்கே திருப்பி அனுப்புகின்றனர்.