ஊசியும் ஒரு கல்வியே
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ இசையைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இன்று நாம் தையலைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். ஊசிக்கும் நூலுக்கும் ஒரு மேடையா என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த எண்ணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும்போது, பட்டிலும் பருத்தியிலும் நுண்வினை செய்யும் நெசவாளரைக் கூறுகிறார். துணி தைப்பவரையும் துன்னகாரர் என்று பெயர் சுட்டிச் சேர்க்கிறார். நகரின் வளத்தைச் சொல்லப் புகுந்த புலவருக்குத் தையற்காரர் விட்டுவிடத் தக்கவராகத் தோன்றவில்லை.

நாம் குடியேறி வாழும் இம் மும்பை மாநகரும் துணியால் வளர்ந்த நகரமே. 1854இல் இங்கு முதற் பஞ்சாலைக்கு வித்திடப்பட்டது. 1982 சனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன் பின்னர் ஆலைகள் பல மூடப்பட்டன. ஆலைச் சங்கு ஓய்ந்த போதிலும் தையல் எந்திரத்தின் ஓசை இந்நகரில் ஓயவில்லை. தாராவியின் சந்துகளில் நடப்பவர் இதை நன்கு அறிவர்.

இனி, நம் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே ஓர் அம்மையார் பதினெட்டு ஆண்டுகளாக ரவிக்கை தைத்து வருகிறார். கணவரின் ஊதியம் வாடகைக்கும் உணவுக்கும் சரியாயிற்று. மகனின் பொறியியற் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த ரவிக்கைகளிலிருந்தே வந்தது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதும், சமுதாயக் கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் பயில விரும்பினாள். தந்தை நம்மிடம் கருத்துக் கேட்க வந்தார். “தையல்தானே, அம்மாவிடமே கற்றுக்கொள்ளலாமே, அதற்கு ஒரு கல்லூரி எதற்கு?” என்று நாம் சொன்னோம். அவளும் மறுபேச்சின்றி வணிகவியலில் சேர்ந்தாள். நல்ல அறிவுரை கூறினோம் என்று நாமும் மகிழ்ந்திருந்தோம்.

இரண்டாண்டுகள் சென்றன. மகனுக்கு வேலை கிடைத்தது. அதே கல்லூரியில், அதே பட்டயப் படிப்பில், தம் நாற்பத்து மூன்றாம் வயதில் அவ் அம்மையாரே சேர்ந்தார். வியப்போடு காரணம் கேட்டோம். “என் மகளுக்கு நான் கற்றுக்கொடுக்கலாம் என்றீர்கள். எனக்கே தெரியாததை நான் எப்படிக் கற்றுக்கொடுப்பேன்?” என்றார். நம்மிடம் மறுமொழி இல்லை.

அவர் அங்கே கற்றது என்ன? அளவெடுப்பதும் வெட்டுவதும் தைப்பதும் அவர் முன்பே அறிந்தவை. ஆனால் ஒரு ரவிக்கையின் கை ஏன் தோளில் சுருங்குகிறது என்பதற்குக் காரணம் அவர் அறிந்திருக்கவில்லை. கைத்துண்டின் மேல் வளைவு, கைக்குழியின் சுற்றளவைவிடச் சிறிதே மிகுந்திருக்க வேண்டும். மிகுதி அளவு கடந்தால் சுருக்கம் விழும், குறைந்தால் கையைத் தூக்க இயலாது. துணியின் பாவு நூலை ஒட்டி வெட்டினால் அது இழுபடாது. பாவுக்கும் ஊடைக்கும் குறுக்காகச் சாய்த்து வெட்டினால் இழுபட்டு உடலோடு படியும். கிராஸ் கட் ரவிக்கை நன்கு படிவதன் காரணம் இதுவே. தட்டையான துணி வளைந்த உடலுக்குப் பொருந்துவது, டார்ட் என்னும் மடிப்பை எங்கே வைத்து எதை நோக்கி முடிப்பது என்னும் கணக்கால். மூச்சு விடவும் குனிந்து நிமிரவும் உடல் அளவுக்கு மேல் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. இவற்றையெல்லாம் முதலில் தாளில் வரைந்து, காடாத் துணியில் தைத்துப் பார்த்து, பிறகே பட்டில் கத்தரி வைக்கக் கற்பிக்கிறார்கள். ஒரே வரைவைப் பல அளவுகளுக்குப் பெருக்கவும் சுருக்கவும், அதையே கணினியில் செய்யவும் பயிற்றுகிறார்கள். பதினெட்டு ஆண்டுகள் கை அறிந்திருந்ததை அறிவும் அறிந்துகொண்டது.

ஆனால் இவை எல்லாவற்றினும் மேலாக ஒரு பாடம் உண்டு என்று அவர் கூறினார். அது விலை கணக்கிடும் பாடம். லைனிங், நூல், கொக்கி, மின்சாரம் என ஒவ்வொன்றாக எழுதி வந்தபோது, ஆசிரியை “உங்கள் நேரம் எங்கே?” என்று கேட்டாராம். பதினெட்டு ஆண்டுகளில் தம் நேரத்துக்கு அவர் ஒரு நாளும் விலை எழுதியதில்லை.

அன்பர்களே, அதை எழுதவிடாமல் தடுத்தவர் யார்? நாமே. கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறவாமல் பணம் கொடுக்கும் நாம், அவர் வாசலில் நின்று “பக்கத்து வீட்டுக்காரர்தானே” என்று 20 ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். தையல் கல்வியன்று என்று கருதியதால்தான் அதற்குக் கூலியும் குறைவு என்று கருதினோம். இரண்டும் ஒரே பிழை.

சமுதாயக் கல்லூரி என்பதை அறியாதார் நம்மிடையே பலர். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் நகரில் தொடங்கிய இம் முறை, நம் நாட்டில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகத்தின் வழியே வந்தது. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் திட்டம் வகுத்தது. ஆறு மாதச் சான்றிதழ், ஓராண்டுப் பட்டயம், ஈராண்டு மேற்பட்டயம் எனப் படிப்படியாக அமைந்தது அத் திட்டம். இல்லறத்தாரும் வேலை பார்ப்போரும் கல்விக்குத் திரும்ப இம் முறை இடமளிக்கிறது. 1986இல் தில்லியில் நிறுவப்பட்ட தேசிய ஆடை வடிவமைப்புக் கழகம் வேறு வகை. நுழைவுத் தேர்வும் நான்காண்டுப் பட்டப்படிப்பும் கட்டணமும் எல்லார்க்கும் எட்டுவனவல்ல. அந்த வாயில் திறவாதவர்க்கு இந்த வாயில் உண்டு.

இத்துறையில் எவ்வளவு உயரலாம் என்பதற்கு இம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கோல்ஹாப்பூரில் பிறந்து, மும்பை ஜே. ஜே. கலைப் பள்ளியில் பயின்ற பானு அத்தையா, ‘காந்தி’ திரைப்படத்தின் ஆடை வடிவமைப்புக்காக 1983இல் ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருது பெற்ற முதல் இந்தியர் அவரே.

எனினும் பொய்யான நம்பிக்கை ஊட்ட நாம் விரும்பவில்லை. பட்டயம் பெற்ற மறுநாளே பெரும் ஊதியம் வாராது. தொடக்கத்தில் கூலி குறைவு, உழைப்பு மிகுதி. சேருமுன் சிலவற்றை விசாரித்தறிவது பெற்றோர் கடமை. சான்றிதழுக்கு ஏற்பு உண்டா? ஒவ்வொரு மாணவர்க்கும் எந்திரம் கிடைக்குமா? தொழிற்கூடத்தில் நேர்ப்பயிற்சி உண்டா? பின்னர் பட்டப்படிப்பைத் தொடர வழி உண்டா? இவற்றுக்குத் தெளிவான விடை தராத இடத்தில் பணம் கட்ட வேண்டா.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் கல்வி உதவி நிதி இதுகாறும் பட்டப்படிப்புக்கே சென்று வந்துள்ளது. பட்டயம் பயில்வோர்க்கும், அவர் எவ்வயதினர் ஆயினும், அதில் ஒரு பங்கு ஒதுக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். அவ் அம்மையாரின் மகள் இப்போது வணிகவியல் இறுதியாண்டில் இருக்கிறாள். அவள் விருப்பம் என்னவாயிற்று என்று கேட்க நமக்கு இன்னும் துணிவு வரவில்லை. இந் நிதியின் விண்ணப்பத் தாளை அவள் கையில் கொடுத்து அதைக் கேட்க விரும்புகிறோம்.

அம்மையாரின் வாசலில் இப்போது ஒரு விலைப்பட்டியல் தொங்குகிறது. அடுத்த முறை அங்கே செல்வோர் அதைப் படித்து, அதில் எழுதியுள்ளபடியே கொடுப்போமாக.