இருட்டில் தெரியும் சுவிட்சு



ஐப்பசி மழையில் மரக்கதவு இறுகிக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ளுவோம். ஏன் இறுகியது? மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன்? குருவிகுளம் பக்கம் பழைய வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். சில வீடுகளில் மரப்பலகையில் கறுப்புக் குமிழ் சுவிட்சு இன்னும் இருக்கும். இப்போது மரம் புது அழகோடு திரும்புகிறது. சுவிட்சைச் சுற்றிப் பூவும் கொடியும் செதுக்கிய மரச்சட்டம். அதற்குள் சின்ன எல்.இ.டி. விளக்கு. ராத்திரி எழுந்திருக்கும் பாட்டி சுவரைத் தடவ வேண்டாம். நல்ல யோசனைதான்! கள்ளக்குறிச்சி, அரும்பாவூர் என்று புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்ப ஊர்கள் நம்மிடம் உண்டே.

ஆனால் ஒன்று. காய்ந்த மரத்தில் மின்சாரம் எளிதில் ஓடாது. நனைந்த மரத்தில் ஓடும். காய்ந்தால் காவல், நனைந்தால் ஆபத்து.

அதனால் மரம் வெளியே அழகுக்கு மட்டும். வயரும் சுவிட்சும் உள்ளே அதற்குரிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். வார்னிஷை முன்பக்கம் மட்டும் பூசுகிறார்கள், பின்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். சுவரின் ஈரம் ஏறுவது பின்பக்கம் வழியாகத்தான். இரண்டு பக்கமும் பூசுங்கள். ஓதம் ஏறும் சுவரிலும் குளியலறைப் பக்கமும் மரச்சட்டம் வேண்டாம்.

விளக்கின் வயரை நீங்களே இழுக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.