பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கப் புறப்படுவோருக்கு

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



பூகர்ப்ப சாஸ்திரம், அதாவது இந்நாளில் நிலவியல் என்று சொல்லப்படும் படிப்புக்கு பிரிட்டிஷ் சர்வகலாசாலைகளுக்கு எப்படி மனுப் போடுவது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காகவே நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் சொந்த புத்தியைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடலாம்.

முதலில் ஒரு சங்கதியைச் சொல்லி விடுகிறோம். கொஞ்ச காலத்திற்கு முன் ஒரு பெண் தன்னுடைய மனுவைக் கொண்டு வந்து நம்மிடம் காட்டினாள். பணம் வாங்கிக் கொண்டு மனு எழுதிக் கொடுக்கும் ஓர் ஆள் எழுதிக் கொடுத்தது அது. இங்கிலீஷ் வெகு ஜோராயிருந்தது. சிறு வயது முதலே இயற்கையின் அற்புதங்களில் தனக்குத் தீராத மோகம் என்று ஆரம்பித்து, எரிமலை என்றும், இமயமலை என்றும், டைனோசர் என்றும் போய்க் கொண்டே இருந்தது. அப்பெண்ணோ எரிமலையையும் கண்டதில்லை, இமயமலையையும் கண்டதில்லை.

"உன் ஊர் எதம்மா? தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று கேட்டோம்.

செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்தைச் சொன்னாள். பிறகு சற்று நேரம் தலையைக் குனிந்து கொண்டிருந்து விட்டு, "கல் குவாரியில் கல் உடைக்கிறார், ஐயா. அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. அதை எழுதினால் மதிப்பாய் இராது என்று மனு எழுதியவர் சொல்லி விட்டார்" என்றாள்.

தோழர்களே! இது என்ன அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். வைத்தியம் படிக்க மனுப் போடுகிறவன் வைத்தியர் மகனாயிருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுகிறார்கள். வக்கீல் மகன் சட்டம் படிக்கப் போனால் அது பரம்பரைப் பெருமை என்கிறார்கள். கல்லைப் பற்றிப் படிக்க மனுப் போடுகிறவள் மாத்திரம், தான் கல்லுடைக்கிறவர் மகள் என்பதை மறைக்க வேண்டுமாம்!

அந்தக் குவாரியில் உடைபடும் கல் எது தெரியுமா? நீலம் கலந்த கறுப்பாய், பரங்கிமலை, பல்லாவரம் முதலிய இடங்களில் காணப்படும் அதே ஜாதிக் கல். அதற்கு சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் சமாதிக் கல் இந்தக் கல்லினால் ஆனது என்பதைக் கொண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலார் 1893-ல் இப்பெயரை வைத்தார். சென்னைப் பக்கத்துக் கல் கல்கத்தா சமாதிக்குப் போய், அங்கிருந்து உலகத்துப் பாடப் புத்தகங்களுக்கெல்லாம் போய் விட்டது. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, பெருஞ் சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டான கல் அது. அதை வீட்டு வாசலில் வைத்துக் கொண்டு, காணாத எரிமலையைப் பற்றி எழுதுவதென்றால் அது எவ்வளவு பெரிய ஏமாளித்தனம்?

சரி, மனு என்பது என்ன என்று பார்ப்போம். அந்நாட்டில் சர்வகலாசாலைப் பட்டப்படிப்புக்கான மனுக்கள் பெரும்பாலும் யூகாஸ் என்ற ஒரு பொது ஸ்தாபனத்தின் மூலமாகவே போகின்றன. ஐந்து இடங்கள் வரை ஒரே மனுவில் கேட்கலாம். பரீட்சை மார்க்கும், ஆசிரியர் எழுதும் அபிப்பிராயமும் இருந்தாலும், மாணவர் தாமே தம்மைப் பற்றி எழுதும் பகுதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் அது நீண்ட ஒரே கட்டுரையாக இருந்தது. 2026-ம் ஆண்டில் சேருகிறவர்கள் முதற்கொண்டு அதை மூன்று கேள்விகளாகப் பிரித்து விட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய்? பள்ளியில் படித்தது இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தது? பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய், அதனால் என்ன பயன்? இவ்வளவுதான். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துக் குறிகள்தான் இடம். ஒவ்வொன்றுக்கும் 350-க்குக் குறையக் கூடாது. இது ஐந்து இடங்களுக்கும் ஒன்றாகவே போவதால், இதில் ஒரு சர்வகலாசாலையின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் மற்ற நான்கு பேரும் சிரிப்பார்கள்.

இவ்வளவு சின்ன இடத்தில் மோகம், தாகம், அற்புதம் என்பவைகளுக்கெல்லாம் இடமேது? முதல் கேள்விக்கு நீங்கள் கண்ணால் கண்ட ஒரு பொருளைச் சொல்லுங்கள். அதைக் கண்டதும் உங்களுக்கு உண்டான சந்தேகத்தைச் சொல்லுங்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க என்ன படித்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களில் கடற் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று கடல் எங்கே, அரியலூர் எங்கே? ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னே அங்கே கடல் இருந்திருக்கிறது. சுருளாய் இருக்கும் அம்மோனைட் என்ற கடற் பிராணியின் ஓடும் அங்கே கிடைக்கிறது. கண்டகி நதியிலிருந்து எடுத்து வந்து சாலிக்கிராமம் என்று அபிஷேகம் செய்கிறார்களே, அதற்குள் இருப்பதும் இந்த ஜாதிப் பிராணியின் அச்சுத்தான். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். நிலவியல் படிக்கப் போகிறவன், இது கடலுக்குள் இருந்ததாயிற்றே, மலை நாட்டு ஆற்றுக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு, 'எனக்கு ரசாயனத்தில் தொண்ணூற்றைந்து மார்க்' என்று எழுதாதீர்கள். மார்க் அவர்களுக்கு வேறு வழியில் தெரிந்து விடும். சுண்ணாம்புக்கல்லின் மேல் திராவகம் விட்டால் ஏன் நுரைக்கிறது என்று படித்தீர்களல்லவா? அது கல்லை அடையாளங் காணும் வழி என்று எழுதுங்கள். யுரேனியம் பாதியாய்க் குறைவதற்கு ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகளாகும் என்று பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். கல்லுக்குள் இருக்கும் அந்தக் கடிகாரத்தைக் கொண்டுதான் கல்லின் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். பள்ளியில் நிலவியல் என்ற பாடமே இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கணக்கு, பௌதிகம், ரசாயனம் முதலியவற்றைத்தான் பார்க்கிறார்கள். கேம்பிரிட்ஜில் நிலவியல் என்று தனியே மனுப் போட முடியாது. இயற்கை விஞ்ஞானம் என்ற பொதுப் படிப்புக்குப் போட்டுப் பிறகு பிரிய வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கிணறு வெட்டுமிடத்திலும், ரஸ்தாவுக்கு மலையை வெட்டின இடத்திலும் நின்று, மேலே என்ன மண், அதன் கீழே என்ன கல், எத்தனை அடி கனம் என்று படம் போட்டுத் தேதியுடன் எழுதி வையுங்கள். குவாரிக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். சாத்தனூர், திருவக்கரை முதலிய இடங்களில் காக்கப்பட்டு வரும் கல்மரங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள், பார்த்துக் குறிப்பெழுதுங்கள்.

பிறர் எழுதியதைக் காப்பி அடித்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். 2007-ல் வெளியான ஒரு சோதனையில் யூகாஸ் ஸ்தாபனத்தார் என்ன கண்டார்கள் தெரியுமா? எட்டு வயதில் ரசாயன விளையாட்டுச் சாமானால் தங்கள் பைஜாமாவை ஓட்டை விழச் சுட்டுக் கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்களாம்! எத்தனை பைஜாமா! இன்றைக்கு ஆளுக்குப் பதில் எந்திரமே எழுதிக் கொடுக்கிறது. அதைத் தம்முடையது என்று அனுப்புவதும் மோசடியாகவே கருதப்படும் என்று அந்த ஸ்தாபனத்தார் எச்சரித்திருக்கிறார்கள்.

இந்தச் சாஸ்திரம் பெரிய இடத்துப் பிள்ளைகளால் மாத்திரம் வளர்ந்ததல்ல. இங்கிலாந்தின் நிலப் படத்தை 1815-ல் முதன் முதலாக வெளியிட்ட வில்லியம் ஸ்மித் ஒரு கொல்லர் மகன். கால்வாய் வெட்டின இடங்களில் மண்ணடுக்குகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். 1819-ல் கடனுக்காகச் சிறையும் சென்றார். 1831-ல்தான் லண்டன் நிலவியல் சங்கத்தார் அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரில் மேரி ஆனிங் என்ற தச்சர் மகள், பாறையிலிருந்து பெரிய கடற் பிராணிகளின் எலும்புகளை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய சரக்கை வாங்கிப் பேர் எடுத்தவர்கள் சங்கத்தில் இருந்தார்கள். பெண் என்பதால் அவளுக்கு அங்கே இடமில்லை. 1847-ல் அவள் இறந்து, 1919-ல்தான் அந்தச் சங்கம் பெண்களை அங்கத்தினராகச் சேர்த்தது. இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கையாலும் கண்ணாலும் தெரிந்தது.

கெடு நாளையும் கவனியுங்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் அக்டோபர் 15. மற்றவற்றுக்கு ஜனவரி நடுவில். பிரிட்டிஷ் நேரம் மாலை 6 மணியோடு சரி. அந்தக் கடிகாரத்துக்கு ராகுகாலமும் தெரியாது, குளிகையும் தெரியாது. நல்ல வேளை பார்த்துக் கொண்டிருந்தால் வேளை போய் விடும்.

அப்பெண்ணின் சங்கதியைச் சொல்லி முடிக்கிறோம். அந்த ஜோரான மனுவைக் கிழித்துப் போட்டு விட்டு, தானே எழுதினாள். கல்லில் எந்தப் பக்கம் உளி வைத்தால் நேராய்ப் பிளக்கும், எந்தப் பக்கம் வைத்தால் சிதறும் என்று தன் தகப்பனார் தடவிப் பார்த்தே சொல்லுவதையும், அது ஏன் என்று எந்தப் புத்தகத்திலும் கிடைக்காமல் தான் தேடினதையும் எழுதினாள். இங்கிலீஷ் சாதாரணமாய்த்தான் இருந்தது. ஐந்தில் இரண்டு இடங்கள் அவளுக்கு இடம் கொடுத்தன. ஆனால் அந்நாட்டுச் சம்பளம் கட்ட அவர்களுக்கு வழியில்லை. உபகாரச் சம்பளமும் போதவில்லை. இப்போது நம் நாட்டிலேயே ஒரு கல்லூரியில் இதே படிப்பைப் படிக்கிறாள். கெட்டிக்காரத்தனத்துக்குப் பணம் குறுக்கே நிற்பது அவள் குற்றமல்ல. அது நாம் எல்லோரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய குற்றம். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற சர்க்கார் கல்லூரிகளில் இப்படிப்பு இருக்கிறது. அங்கே மனுப் போடும்போது, புவியியல் என்று பள்ளியில் படித்த பாடத்தையும் இதையும் ஒன்றென்று எண்ணி மாற்றிக் குறித்து விடாதீர்கள்.

அந்த மனு வீணாய்ப் போயிற்றா என்று கேட்டால், நாம் இல்லை என்போம். அதைத் தமிழில் தகப்பனாருக்குப் படித்துக் காட்டினாளாம். "நமக்குத் தெரிந்ததற்கு இத்தனை பெரிய பேரா?" என்று அவர் கேட்டாராம். மறுநாள் குவாரியிலிருந்து ஒரு கல் துண்டை அவரே பொறுக்கிக் கொண்டு வந்து, "இது மற்றதைப் போல இல்லை, பார்" என்று கொடுத்தாராம். தோழர்களே! எந்த மனுவானாலும், எந்தக் கல்லூரியானாலும், தெரிந்ததை மறைக்காமலும் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லாமலும் எழுதுங்கள் என்பதுதான் நாம் சொல்ல வந்தது.