பெயர்கள் நிற்கும் தோட்டம்

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரைச் சாலையில், பழைய பெருந்தோட்ட மாளிகைகள் பல உள. அவற்றுட் பலவற்றிலே நெடுங்காலம் எசமானரின் தளபாடங்களும் விருந்துக் கோப்பைகளுமே காட்டப்பட்டு வந்தன. விருந்தைச் சமைத்தவர் யார் என்ற கேள்வி எழவில்லை.

அக்கரையிலுள்ள விற்னித் தோட்டம் வேறு வகையானது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பமொன்று 1752இல் நிறுவிய அத்தோட்டத்தில் முதலில் அவுரியும் பின்னர் கரும்பும் விளைந்தன. 1999இல் அதனை வாங்கிய ஜோன் கமிங்ஸ் என்னும் வழக்கறிஞர், செனகல் நாட்டு வரலாற்றறிஞர் இப்ராகிமா செக்கின் துணையுடன், அடிமைகளின் வாழ்க்கைக்கென்றே ஒரு நூதனசாலையாக 2014 டிசம்பரில் திறந்து வைத்தார்.

அன்று வகுத்த வழியில் மாளிகை கடைசியில்தான் வந்தது. முதலில் ஒரு சிறு தேவாலயம். உள்ளே சிறுவர்களின் களிமண் உருவங்கள். 1865இல் அடிமை முறை ஒழியுமுன் சிறுவராயிருந்து, 1930களில், தள்ளாத வயதில், அரசாங்கம் அனுப்பிய எழுத்தாளரிடம் தம் கதையைச் சொன்னவர்களின் நினைவாக அமைந்தவை அவை.

அப்பால் பெரிய இரும்புக் கொப்பரைகள். உறைபனி விழுமுன் கரும்பனைத்தையும் பிழிந்தாக வேண்டுமாதலால், அறுவடைக் காலத்தில் ஆலை இரவுபகலாக ஓடும். கொதிக்கும் சாற்றைக் கொப்பரைக்குக் கொப்பரை கையாலே அகப்பையில் முகந்து ஊற்ற வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கை தவறினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

1811 ஜனவரியில் இப்பகுதியில் கிளர்ந்தெழுந்த அடிமைகளின் துண்டித்த தலைகள் கழிகளில் நாட்டப்பட்டன. அதையும் சிற்பமாக்கி வைத்துள்ளனர். மிகையெனச் சிலர் முகஞ்சுளிக்கலாம், நடந்தது அதுவே.

எல்லாவற்றினும் நெஞ்சைத் தொடுவன பெயர்கள். குவென்டலின் மிட்லோ ஹோல் என்னும் வரலாற்றறிஞர் பல ஆண்டுகள் நீதிமன்றப் பத்திரங்களைத் துருவித் திரட்டிய ஏறக்குறைய 107,000 அடிமைகளின் பெயர்கள் கருங்கற் பலகைகளில் நிற்கின்றன. விற்பனைக்கும் ஈட்டுக்கும் வாரிசுப் பங்குக்குமாக எழுதப்பட்ட பத்திரங்கள் அவை: பெயர், வயது, தொழில், விலை. மதிப்பளித்து எழுதியவர் எவருமிலர். எனினும், சொத்தைக் காக்க எழுதிய கணக்கே சொத்தாக்கப்பட்டவருக்குச் சாட்சியாயிற்று. பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். தந்தை பெயரில்லை, குடிப்பெயரில்லை.

மற்றொரு முற்றத்தில், மூன்று வயது நிரம்புமுன் மாண்ட 2,200 அடிமைக் குழந்தைகளின் நினைவுச் சின்னம் உள்ளது. திருச்சபையின் பதிவேடுகளிலிருந்து எடுத்த விவரங்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. நடுவே, கரிய நிறத்து வானதூதப் பெண்ணொருத்தி சிசுவொன்றை ஏந்தியிருக்கிறாள்.